றொபின்சனுக்குப் பத்துத் திருவிழா

சுருவில்
08.06.2025

கம்சாயினியின் அப்பாவுக்கு,

நேற்று முழுக்க நீங்கள் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்தீர்கள். நான் வேண்டுமென்றுதான் கதைக்கவில்லை. கடைசியில் அக்கா எடுத்துக் கதைத்ததில், சிகிச்சை இல்லத்திலிருந்து உங்களை விட்டுவிட்டார்கள், நெடுந்தீவுக்கு வந்து எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தது. சந்தோசம். உண்மையாகவே சந்தோசம். அதற்காக நாளைக்கே நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு படகேறுவேன் என்று நினைக்க வேண்டாம்.

இனிமேல் தொலைபேசி வேண்டாம், கடிதம் எழுதுங்கள். ஏன் என்று கேட்பீர்கள். குடித்திருக்கிற நேரத்தில்தான் உங்கள் குரல் மிகவும் இனிமையாக இருக்கும். அந்தக் குரலில் நீங்கள் அந்தோனியார் பேரில் செய்த சத்தியங்களை எல்லாம் நான் நம்பினேன். ஆனால் உங்கள் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரு மிடறு உள்ளே போனாலும் எழுத்து கோட்டை விட்டு இறங்கி நடக்கும். கலியாணம் கட்டிய காலத்திலிருந்தே எனக்கு அது தெரியும். ஆகவே எழுதுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விசயம் இதுதான். ஆவணியில் அடுத்த தவணை தொடங்குகிறது. இங்கே பள்ளிக்கூடத்தில் கம்சாயினியை இப்போதைக்கு இருக்க விட்டிருக்கிறார்கள். நிரந்தரமாகவே சேர்த்துவிடலாம் என்று அத்தான் அதிபரோடு கதைத்துவிட்டார். சேர்த்தால் நாங்கள் இரண்டு பேரும் இனி அக்கா வீட்டோடுதான். சேர்க்காவிட்டால் உங்களோடு. நடுவில் நிற்க எனக்கு இனி ஏலாது. தவணைக்கு முதல் முடிவெடுப்பேன்.

காட்டுக் குதிரைகள் இப்போதும் வீதிக்கு வருகின்றனவா என்று மகள் கேட்கச் சொன்னாள்.

ஜெனீற்றா


நெடுந்தீவு
14.06.2025

அன்புள்ள ஜெனீற்றா,

பேனை தேடியே அரைநாள் போய்விட்டது. கடைசியில் கம்சாயினியின் மேசை லாச்சிக்குள் இந்த நாவல் நிறப் பேனை கிடைத்தது. நிறத்துக்கு வேறு காரணம் எதுவும் தேட வேண்டாம்.

நான் நலம். சாப்பிடுகிறேன், தொழிலுக்குப் போகிறேன். குதிரைகள் வருகின்றன என்று பிள்ளையிடம் சொல்லும். எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லை என்று முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. அதை உமக்குச் சொல்லாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகிற உளவளத்துணைப் பிள்ளை தர்சினி, எங்கள் அயலட்டைக்காரரை எல்லாம் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டார். சிகிச்சை முடிந்து வந்தவருக்கு மருந்தை விட ஆட்கள்தான் வேண்டும் என்றார். தொழில் முடிந்து, குளித்து, சும்மா இருக்கிற அந்தப் பின்னேரப் பொழுதுதான் பொல்லாதது, அந்த நேரத்தில் யாராவது மாறி மாறிக் கூட இருங்கள் என்றார். அந்தப் பிள்ளை சொன்னது அவ்வளவுதான்.

உடனே எழும்பினார் எங்கள் மாட்டுக்காரத் தியாகலிங்கம் அண்ணை. "மாறி மாறி எண்டால் அது திருவிழாதானே. கோயிலில மாதிரி ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு திருவிழா எடுப்பம், பிரச்சினை முடிஞ்சுது" என்றார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பிறகு தொடங்கியது சண்டை. நவநாள் என்றால் ஒன்பதுதான் என்று மதலேனா அக்கா நிற்கிறார். தங்கள் கோயிலில் பத்துத் திருவிழா, தீர்த்தம் இல்லாமல் எப்படி முடிப்பது என்று அண்ணை நிற்கிறார். பொழுதுபடும் மட்டும் கதைத்துப் பத்து என்று முடிவானது. முதலாம் திருவிழா மதலேனா அக்காவுக்கு, தீர்த்தம் தியாகலிங்கம் அண்ணைக்கு. ஐந்தாம் திருவிழாவைக் கடைக்கார நாகபூசணி அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மூலையில் சுரூபம் மாதிரி நின்றேன்.

எட்டாம் திருவிழா சந்தியோகு அண்ணைக்கு. அவரே கையைத் தூக்கிக் கேட்டார். எல்லோரும் உளவளத்துணைப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தர்சினி, "குடுங்கோ" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு கொடியேற்றம்.

றொபின்சன்


சுருவில்
19.06.2025

கம்சாயினியின் அப்பாவுக்கு,

எழுத்து நேராக இருக்கிறது. முதலில் அதைத்தான் பார்த்தேன். பிறகுதான் வாசித்தேன். பிறகு குசினிக்குள் கொண்டுபோய் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். தீர்த்தத்துக்கு வந்தபோது அக்கா சிரித்த சிரிப்பில் புட்டு அடிப்பிடித்துவிட்டது. அத்தான் அதைச் சாப்பிட்டுவிட்டு, உங்கள் ஊர் ஆட்களுக்கு விசர் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. இந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவோ காலம்.

ஆனால் சந்தியோகு அண்ணைக்கு ஒரு நாளைக் கொடுக்க யாருக்கு மனம் வந்தது? அவர் உங்களுக்குத் தொழிலில் பங்காளி, குடியிலும் பங்காளி. ஒரே வள்ளத்தில் போய், ஒரே இடத்தில் குடித்து, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வந்து எங்கள் படலையில் விழுந்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும். அவர் குடியை விடவும் இல்லை, விடப்போவதாகச் சொன்னதும் இல்லை. அந்தப் பின்னேரம் வெறுங்கையோடு வருவார் என்று நீங்கள் நம்புகிறீர்களா? தர்சினி படித்த பிள்ளை, நல்ல பிள்ளை. ஆனால் சந்தியோகு அண்ணையோடு வாழ்ந்து பார்த்தது லதீபா அக்காதான். அவரைப் போய்க் கேளுங்கள்.

எட்டாம் திருவிழாவை வேறு யாருக்காவது மாற்றுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெனீற்றா


நெடுந்தீவு
27.06.2025

அன்புள்ள ஜெனீற்றா,

பாதித் திருவிழா முடிந்தது. நான் உயிரோடு இருக்கிறேன். காற்சட்டை மட்டும் இடுப்பில் பூட்ட ஏலாது.

மதலேனா அக்கா செபமாலையோடு வந்தார். ஒரு நுனியை அவர் பிடிக்க, மறுநுனியை நான் பிடிக்க வேண்டுமாம். ஐம்பத்து மூன்று மணியும் முடியும்வரை அவிழ்த்துக்கொண்டு ஓட ஏலாது. செபம் முடிந்த கையோடு ஒடியல் கூழ். அடுத்தடுத்த நாட்களும் வந்தவர்கள் எல்லோரும் சட்டி சட்டியாகக் கொண்டுவந்தார்கள். குடித்துத் திரிந்த காலத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு என்னைக் கூப்பிடாதவர்கள் கூட வந்தார்கள். நேற்று நாகபூசணி அக்கா பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் திடீரென்று, "உம்மைப் பாக்கப் பயமாய் இருந்துது தம்பி, இப்ப இல்லை" என்றார். நான் இன்னொரு பணியாரத்தை எடுத்தேன்.

தன்னுடைய நாள் வராமலேயே தியாகலிங்கம் அண்ணை தினமும் வருகிறார். திருவிழா ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கத்தானாம். அவருடைய சிவப்பி கன்று போட்ட கதையை நான் ஐந்து விதமாகக் கேட்டுவிட்டேன். ஆனால் ஜெனீற்றா, அந்த நேரம் போய்விடுகிறது. ஆட்கள் எழும்பும்போதுதான், அட, இன்றைக்கும் போய்விட்டதே என்று எனக்குத் தெரிகிறது.

சந்தியோகு அண்ணையின் நாளை நான் மாற்றவில்லை. நீர் கெஞ்சிக் கேட்டீர், அதனால் இதை எழுதக் கை தயங்குகிறது. மண்டபத்தில் அவர் கையைத் தூக்கியபோது அந்தக் கை நடுங்கியது. மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் பயந்தார்கள். எனக்கு அது குடியை விடப் பார்க்கிறவனின் நடுக்கம் என்று தெரியும். எனக்கு ஊர் முழுக்கப் பத்து நாள் கொடுக்கிறது. அவருக்கு ஒருவரும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோபித்தால் கோபியும், ஆனால் எழுதும்.

றொபின்சன்


நெடுந்தீவு
30.06.2025

அன்புள்ள ஜெனீற்றா,

நாகபூசணி அக்கா கடைச் சாமான் எடுக்கப் படகேறுகிறார். உமக்குக் கையில் கொடுத்துவிடச் சொல்லி அவசரமாக எழுதுகிறேன். எட்டாம் திருவிழா நேற்று நல்லபடியாக முடிந்தது. அண்ணை வந்தார், இருந்தார், போனார். பயப்பட ஒன்றுமில்லை. விபரம் பிறகு.

றொபின்சன்


சுருவில்
01.07.2025

கம்சாயினியின் அப்பாவுக்கு,

நாகபூசணி அக்கா வாசலில் நிற்கிறார். அவரிடமே இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் எழுத்தைப் பார்த்தேன். ஒரு கோடும் கோடாக இல்லை. என் பெயரையே இரண்டு தரம் வெட்டி எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் திருவிழா எப்படி முடிந்தது என்று விபரம் எழுதத் தேவையில்லை. அதை உங்கள் கை எழுதிவிட்டது.

அத்தானிடம் சொல்லிவிட்டேன். பிள்ளையை இங்கேயே சேர்க்கிறோம். இனி எழுத வேண்டாம்.

ஜெனீற்றா


நெடுந்தீவு
05.07.2025

ஜெனீற்றாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர். இந்த ஒன்றை மட்டும் வாசியும்.

எட்டாம் நாள் பின்னேரம் சந்தியோகு அண்ணை வெறுங்கையோடுதான் வந்தார். கதிரையில் இருந்தார். முழங்காலுக்கு மேல் வைத்த கை ஆடிக்கொண்டே இருந்தது. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கும் தாகம் ஏறியது. சும்மா இருந்தால் இரண்டு பேரும் ஒன்றாகவே எழும்பிப் போய்விடுவோம் என்று பட்டது. வீதிப் பக்கம் முருகைக்கல் வேலி இடிந்து கிடந்ததுதானே, நான் சைக்கிளோடு போய் விழுந்த இடம். அதை அடுக்குவோம் என்றேன். கண் தெரியாமல் போகும் மட்டும் அடுக்கினோம். அண்ணையின் நடுக்கத்தில் ஒரு கல் நழுவி என் வலக்கைப் பெருவிரலில் விழுந்தது. அடுத்த நாள் உமக்கு எழுதியதும் இப்போது எழுதுவதும் இடக்கையால். விரலைப் பற்றிச் சொன்னால் குடித்து விழுந்தேன் என்று நினைப்பீர் என்று பயந்து மறைத்தேன். மறைத்தபடியால் நீர் அதையே நினைத்தீர். எங்கள் இரண்டு பேருக்கும் இது புதிதில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உமது கடிதம் என் கைக்கு வந்தது பதினோராம் நாள். அதற்கு முதல் நாள் தியாகலிங்கம் அண்ணை தீர்த்தத்தைப் பாற்கஞ்சியோடு பெரிதாக முடித்து வைத்திருந்தார். எல்லோரும் கைகொடுத்து, திருவிழா நல்லாய் நடந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினோராம் நாள் பின்னேரம் ஒருவரும் வரவில்லை. ஏன் வரப்போகிறார்கள்? திருவிழாதான் முடிந்துவிட்டதே. நான் குளித்துவிட்டு வந்து இருந்தேன். சட்டைப் பையில் உமது கடிதம். கொஞ்ச நேரத்தில் எழும்பி நடந்தேன். எங்கே என்று நீர் கேட்க மாட்டீர்.

பாதி வழியில் சந்தியோகு அண்ணை எதிர்ப்பட்டார். அவரும் அதே கள்ளுக் கொட்டில் ஒழுங்கைக்குள் திரும்புகிற நேரம்.

"எங்க போறியள் அண்ணை?"

"உம்மட்டத்தான் வந்தனான். நீர்?"

"நானும் உங்களிட்டத்தான்."

அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். நடுவீதியில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு, சொன்ன பொய்யை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாமல், அவர் வீட்டுக்கே நடந்தோம். லதீபா அக்கா கதவைத் திறந்து எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தார். உலையில் தண்ணீர் வைத்தார், இஞ்சி தட்டினார். தேத்தண்ணியைக் கொண்டுவந்து தந்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதார். எங்களுக்குக் கேட்டது.

காலையில் இது ஊருக்கே தெரிந்துவிட்டது. தியாகலிங்கம் அண்ணை தலையில் கை வைத்தபடி வந்து, "கொடி இறக்கினது எங்கடை பிழையடாப்பா" என்றார். தர்சினி அடுத்த படகில் வந்து எல்லாவற்றையும் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, இந்தத் திருவிழாவுக்குக் கொடியிறக்கமே கிடையாது என்று சொல்லிவிட்டார். இப்போது சுற்று மறுபடி தொடங்கி, இரண்டு வீட்டிலும் நடக்கிறது. சந்தியோகு அண்ணை வீட்டில் எனக்கும் ஒரு திருவிழா தந்திருக்கிறார்கள். ஆனால் நான் தினமும் போகிறேன்.

நீர் நம்ப வேண்டும் என்று எழுதவில்லை. பிள்ளையை அங்கே சேர்ப்பதென்றால் சேர்த்துக்கொள்ளும். எனக்கு வயிறு எரியும், ஆனால் அதற்காகக் குடிக்கப் போவதில்லை. இதை எழுதும்போது எனக்கே அதிசயமாக இருக்கிறது.

றொபின்சன்


சுருவில்
16.07.2025

அன்புள்ள கம்சாயினியின் அப்பாவுக்கு,

நான் நெடுந்தீவுக்கு வந்தேன்.

போன சனிக்கிழமை, மத்தியானப் படகில். பிள்ளையை அக்காவோடு விட்டுவிட்டு வந்தேன். சோளகக் காற்றில் படகு தூக்கித் தூக்கிப் போட்டது, தலையிலிருந்து கால்வரை நனைந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லாமல் வந்தது வேண்டுமென்றுதான். நான் பார்க்கிறேன் என்று தெரியாதபோது நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

பொழுது சாய்கிற நேரம் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இல்லை என்றால் எங்கே என்று எனக்கு எத்தனை வருசமாகத் தெரியும். வாசற்படியிலேயே இருந்துவிட்டேன். நல்லவேளை வந்து பார்த்தேன், இனி அழத் தேவையில்லை என்று நினைத்தேன். அழுதேன்.

அப்போதுதான் தியாகலிங்கம் அண்ணையின் சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் ஊரில் வேறு யாருக்கும் இல்லை. சத்தம் வந்த பக்கம் போனேன். சந்தியோகு அண்ணையின் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

நீங்கள் முற்றத்தில் மர வாங்கில் இருந்தீர்கள், பெருவிரலில் கட்டு. சந்தியோகு அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் அது ஆடியது. நீங்கள் கதையை நிறுத்தாமலே, அண்ணையின் முகத்தைப் பாராமலே, உங்கள் கையைக் கோப்பைக்குக் கீழே கொடுத்தீர்கள். அவர் குடித்து முடியும்வரை அப்படியே பிடித்திருந்தீர்கள். சிவப்பி கன்று போட்ட கதைதான் நடந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்த பிறகு உங்கள் எழுத்து நேரா, கோணலா என்ற கவலை எனக்குப் போய்விட்டது.

உள்ளே வந்திருக்கலாம். அழுத முகம், நனைந்த சீலை. வந்தால் வென்றுவிட்டதாக நினைப்பீர்கள் என்று நின்றேன். அதற்குள் மதலேனா அக்கா பின்னால் வந்து என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே படுத்து, காலைப் படகில் திரும்பினேன். நாகபூசணி அக்கா கண்டார். படகில் வந்த அத்தனை பேரும் கண்டார்கள். யாராவது உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? ஒருவர் வீட்டில் கறிக்கு உப்புக் கூடினாலும் ஊர் முழுக்கத் தெரிகிற இடம் அது. எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த ஊரை விட்டு நான் எங்கே போய் இருப்பது?

பிள்ளையை இங்கே சேர்க்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் முறைத்தார். பிறகு, திருவிழா பார்க்கத் தானும் ஒரு நாள் வருவதாகச் சொன்னார்.

வருகிற 26ஆம் திகதி, சனிக்கிழமை மத்தியானப் படகில் வருகிறோம். ஒரு நிபந்தனை. எனக்கும் ஒரு திருவிழா வேண்டும். நல்ல நாளாகப் பார்த்து எடுத்து வையுங்கள்.

உங்கள் ஜெனீற்றா


நெடுந்தீவு
20.07.2025

என் ஜெனீற்றா,

உமது கடிதத்தை வீதியில் நின்றே வாசித்தேன். வாசித்துவிட்டு நேரே நாகபூசணி அக்காவின் கடைக்குப் போய், "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அவர் வெங்காயம் நிறுத்துக்கொண்டே, "என்னத்தை?" என்றார். மதலேனா அக்காவும் அப்படியேதான். இந்த ஊரை நினைத்து நான் வீதி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தேன். கண்டவர்கள் பழைய றொபின்சன் திரும்பிவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேர் கிட்ட வந்து என் வாயை மணந்தும் பார்த்தார்கள்.

உமது நிபந்தனையோடு எல்லோரிடமும் போய் நின்றேன். ஒருவரும் தங்கள் நாளை விடமாட்டார்களாம். மதலேனா அக்கா முதலாம் திருவிழா தன் உரிமை என்கிறார். சந்தியோகு அண்ணை எட்டை விட்டுத் தருவார் என்று பார்த்தேன், அவர்தான் எல்லோரிலும் பிடிவாதம். தியாகலிங்கம் அண்ணை மட்டும் கொஞ்சம் யோசித்தார். "அவவுக்கு ஏன் இந்தப் பத்துக்குள்ள ஒண்டு? எங்கடை கோயிலில தீர்த்தம் முடிஞ்சால் அடுத்தது பூங்காவனம். சாமியும் அம்மனும் சேர்ந்து இருக்கிற நாள். அதில எங்களுக்கு என்ன வேலை?" என்றார். மதலேனா அக்கா காதைப் பொத்திக்கொண்டார், ஆனால் எழும்பிப் போகவில்லை.

சனிக்கிழமை துறைக்கு நான் தனியாகத்தான் வருவேன், வேறு ஒருவரும் வரக்கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மேளகாரரோடு யாரோ கதைத்ததாகவும் கேள்வி. பிள்ளையிடம் சொல்லிவையும், பயந்துவிடப் போகிறாள்.

உமக்குத் தர என்னிடம் ஒரு திருவிழாவும் இல்லை, ஜெனீற்றா. பின்னேரம் முழுவதும் ஊர்க்காரர் எடுத்துவிட்டார்கள். ஆனால் கோப்பைகளைக் கழுவி வைத்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, நாளைக்கு வாறம் என்று சொல்லி அவர்கள் எல்லோரும் படலையைச் சாத்திவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு உள்ள நேரத்தை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

றொபின்சன்